உரிமத்தை உணர்த்தும் சின்னங்கள்

கொல்கத்தாவில் பாலிகஞ்ச் அரசினர் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற சத்யஜித் ரே திரைப்பட மேதை என்பதை யாவரும் அறிவர். 'ரே ரோமன்' என்னும் ரோமானிய எழுத்து வடிவை அமைத்தவரும் அவரே என்பதைச் சிலரே அறிவர். எழுத்தின் வடிவமும் ஒருவருடைய உழைப்பின் பயனாகும். அதனைப் பிறர் எவ்வாறு உபயோகிக்கலாம் என்பதைக் கூறுவது உரிமப் பத்திரம். அதுவோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், சட்ட நடையில், பல பக்கங்களுக்கு நீள்கிறது. பாடத்தாள் அச்சிடும் ஆசிரியரோ விதைநேர்த்திக் கையேடு தயாரிக்கும் களப்பணியாளரோ அதை முழுதும் படிப்பதில்லை. ஆகவே சின்னங்கள் தேவைப்படுகின்றன.

2002ஆம் ஆண்டில் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு தன் உரிமங்களை வெளியிட்டது. அவற்றுக்குரிய சின்னங்களில் மனித உருவம் 'ஆக்கியோன் பெயரைக் குறிப்பிடுக' என்று பொருள்படும். அது எளிதில் விளங்குகிறது. சமக்குறியின் நிலை வேறு. 'மாற்றாமல் உள்ளவாறே வழங்குக' என்பதே அதன் பொருள். ஆனால் கணக்கு கற்பிக்கும் ஆசிரியர் அதனைச் 'சமமாகப் பகிர்க' என்று கொள்ளக்கூடும். அவ்வாறு கொண்டு பாடத்தை மொழிபெயர்த்து வெளியிட்டால் உரிமத்தை மீறியவராவார். வணிகத் தடையைக் காட்டும் கோடிட்ட டாலர், ரூபாய் வழங்கும் நாட்டில் எவ்வளவு பேசும் என்பதும் ஐயமே.

மென்பொருளுக்கு இவ்வுரிமங்கள் ஏற்றவையல்ல என்று அவ்வமைப்பே அறிவுறுத்துகிறது. எம்.ஐ.டி. உரிமத்தில் வந்த நிரலைத் திருத்தியவர் தம் மூலநிரலை வெளியிட வேண்டியதில்லை, ஜி.பி.எல். உரிமத்திலோ, திருத்தியதைப் பிறருக்கு வழங்குவோர் மூலநிரலையும் அதே உரிமத்தில் அளித்தாக வேண்டும். பின்னதைக் குறிக்கும் தலைகீழ் 'சி' 2018இல் யூனிகோடில் இடம்பெற்றது. சிறிய அளவில் அச்சிட்டால் அது பதிப்புரிமைக் குறியாகவே கண்ணுக்குப் படும், பொருளோ நேர்மாறானது!

எழுத்துருக்களின் நிலை இன்னும் நுட்பமானது. காட்டமரான், மீரா இனிமை ஆகிய தமிழ் எழுத்துருக்கள் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. இவ்வுரிமப்படி எழுத்துருவைத் தனியே விற்றலாகாது. மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். அதைக் கொண்டு அச்சிட்ட நூலை விற்கத் தடையில்லை. ஆகவே கோடிட்ட நாணயம் ஒன்றை மட்டும் வரைந்தால், நூல் விற்பனையும் கூடாதென்று பதிப்பாளர் அஞ்சுவார். தனி எழுத்துக்கு ஒரு குறியும், பொதியில் அடங்கிய எழுத்துக்கு மற்றொரு குறியுமாக இரண்டு வரைவதே தக்கது.

நிறத்தை மட்டும் நம்புவதும் தவறு. நகலெடுக்கும்போது பச்சையும் சிவப்பும் ஒன்றாகிவிடும். நம் உணவுப் பொட்டலங்களில் அசைவத்தைக் குறித்த பழுப்பு வட்டம் 2020ஆம் ஆண்டு விதிகளில் முக்கோணமாக்கப்பட்டது. நிறம் பிரித்தறிய இயலாதோரும் இப்பொழுது வடிவத்தைக் கொண்டே அதனை அறிகின்றனர்.