மனம் திருந்தாத அப்ரூவர்

சிசிலியில் இரண்டு மாஃபியாக்காரர்கள் முதன்முதலாகச் சந்திக்கும்போது ஒருவர் மற்றவரிடம் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இருவரையும் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் கூடவே வர வேண்டும். அவர் ஒருவரை மற்றவருக்குக் காட்டி, 'இவரும் அதேதான்' என்பார். அறிமுகம் முடிந்தது. அதன்பிறகு அமைப்பு சம்பந்தமான விஷயங்களில் அந்த இருவரும் ஒருவரிடம் ஒருவர் பொய் பேசக் கூடாது. பேசினால் தண்டனை உண்டு. என்ன தண்டனை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் 1984 ஜூலையில் ஒரு நீதிபதியின் எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் தொம்மாசோ புஷெட்டா. அவர் சொல்லச் சொல்ல ஒரு வரி விடாமல் தன் கையாலேயே எழுதிக்கொண்டவர் பலெர்மோவின் புலனாய்வு நீதிபதி ஜியோவான்னி ஃபால்கோனே. இந்தக் கையெழுத்துப் பக்கங்களில் தொடங்கியதுதான் மாஃபியாவுக்கு எதிராக உலகம் அதுவரை காணாத பெரும் வழக்கு.

புஷெட்டா 1928இல் பலெர்மோவில் பிறந்தார். வீட்டில் 17 பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. தந்தைக்குக் கண்ணாடி வேலை. இளம் வயதிலேயே போர்த்தா நுவோவா 'குடும்ப'த்தில் சேர்ந்தார். இந்தக் குடும்பம் ரத்த உறவல்ல. ஒரு வட்டாரத்தைக் கையில் வைத்திருக்கும் மாஃபியாக் கிளைக்கு அதுதான் பெயர். விரலில் ஊசியால் குத்தி, புனிதர் படத்தில் ரத்தம் தடவி, அந்தப் படத்தைக் கையில் எரியவிட்டபடி சத்தியம் செய்தவர்களே உறுப்பினர்கள்.

1963 ஜூன் 30 அன்று பலெர்மோவை ஒட்டிய சாக்குல்லியில் ஒரு கார் வெடித்துச் சிதறியது. போலீசாரும் ராணுவத்தினருமாக ஏழு பேர் செத்தார்கள். அரசு மாஃபியாவைத் தேடித்தேடிப் பிடிக்க ஆரம்பித்ததும் புஷெட்டா நாட்டை விட்டே நழுவினார். அதன்பின் அமெரிக்கா, பிரேசில் என்று அலைச்சல். 1972இல் பிரேசிலில் கைது, இத்தாலியச் சிறை, 1980இல் தூரினில் பகல்நேர விடுப்பில் வெளியே போனவர் திரும்பாமல் மறுபடியும் பிரேசில். பத்திரிகைகள் அவரை 'இரு உலகங்களின் தாதா' என்று எழுதின. உண்மையில் அமைப்புக்குள் அவர் கடைசிவரை சாதாரணச் 'சிப்பாய்'தான். மூன்று திருமணம் செய்துகொண்டவர், பெண் விஷயத்தில் ஒழுங்கில்லாதவர் என்பது மேலிடத்தின் மனக்குறை. கொலைக்குத் தடை சொல்லாத இடத்தில் குடும்ப ஒழுக்கத்துக்கு மட்டும் இவ்வளவு கெடுபிடி!

அவரைப் பேசவைத்தது போலீஸ் அல்ல, அவருடைய சொந்த ஆட்கள்தான். 1981 ஏப்ரலில் பலெர்மோவின் பெரிய தலை ஸ்தெஃபானோ போந்தாதே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே சல்வத்தோரே இன்செரில்லோ. இருவரும் புஷெட்டாவுக்கு வேண்டியவர்கள். கொன்றவர்கள் கொர்லியோனே என்ற மலையூரிலிருந்து வந்த தொத்தோ ரீனாவின் ஆட்கள். அவர்கள் எதிரியை மட்டும் கொல்லவில்லை. எதிரியின் உறவுகளையும் வரிசையாகத் தீர்த்தார்கள். 1982இல் புஷெட்டாவின் இரண்டு மகன்கள் காணாமல் போனார்கள். அண்ணன், மருமகன், மைத்துனர்கள் என்று சாவு தொடர்ந்தது. அடுத்த ஆண்டு அவர் பிரேசிலில் மீண்டும் பிடிபட்டார். இத்தாலிக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஸ்ட்ரிக்னின் விஷத்தைக் குடித்தார். பிழைத்துக்கொண்டார். அதன்பிறகுதான் ஃபால்கோனேயிடம் பேசச் சம்மதித்தார்.

நம்மூர் நீதிமன்றச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் சொல் 'அப்ரூவர்'. மன்னிப்புக்கு ஈடாக ஒரு வழக்கில் கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்பவர். இத்தாலியில் இப்படிப்பட்டவரை 'மனம் திருந்தியவர்' என்ற பொருளில் 'பென்தீத்தோ' என்கிறார்கள். புஷெட்டாவுக்கு அந்தச் சொல்லே ஆகாது. தான் திருந்தவில்லை, மாறவும் இல்லை. பழைய மரபை மீறி அமைப்பைக் கெடுத்தவர்கள் ரீனாவின் ஆட்களே, துரோகம் அவர்களுடையது என்பது அவர் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன அந்த 'நல்ல பழைய மாஃபியா' எப்போதும் கொன்றுகொண்டும் கப்பம் வாங்கிக்கொண்டும்தான் இருந்தது. போதைப்பொருள் வியாபாரத்தில் தனக்குப் பங்கே இல்லை என்று அவர் கடைசிவரை சாதித்ததையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை.

பிறகு ஏன் அவர் சாட்சியத்துக்கு இத்தனை மதிப்பு? யார் யாரைக் கொன்றார்கள் என்பதைவிட, அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதை அவர் சொன்னார். உள்ளே இருப்பவர்கள் அதை மாஃபியா என்பதில்லை, கோசா நோஸ்ட்ரா என்பார்கள். 'நம்முடைய விஷயம்' என்று அர்த்தம். குடும்பங்களுக்கு மேலே பகுதித் தலைவர்கள், அவர்களுக்கும் மேலே 'கமிஷன்'. முக்கியமான கொலை எதுவும் கமிஷனின் அனுமதி இல்லாமல் நடக்காது. இது உண்மையானால், துப்பாக்கியைத் தொடாத தலைவரும் கொலைக்குப் பொறுப்பாளி ஆகிறார். மாஃபியாவில் உறுப்பினராக இருப்பதையே குற்றமாக்கும் சட்டம் 1982இல் வந்திருந்தது. உறுப்பினர் யார் என்று எப்படி நிரூபிப்பது? அங்கேதான் 'இவரும் அதேதான்' என்ற அறிமுகம் உதவியது. கேள்விப்பட்டதைச் சொல்லும் சாட்சிக்குச் சாதாரணமாக மதிப்பில்லை. ஆனால் பொய் சொன்னால் உயிர் போகும் என்ற விதிக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை அப்படித் தள்ளிவிட முடியுமா? ஃபால்கோனே தள்ளவில்லை, ஏற்கெனவே தான் வங்கிக் கணக்குகளைத் துழாவிச் சேர்த்த காகிதங்களோடு ஒவ்வொன்றையும் ஒத்துப்பார்த்தார்.

இதில் மனதை உறுத்தும் ஒன்று உண்டு. புஷெட்டாவுக்குப் 11 ஆண்டுகளுக்கு முன்பே, 1973இல், லியோனார்தோ வித்தாலே என்ற மாஃபியாக்காரர் தானாகவே பலெர்மோ போலீசிடம் போய் இதே சடங்கு, இதே பெயர்கள் என்று பலதையும் சொன்னார். அவர் நிஜமாகவே மனம் திருந்தியவர். நீதிமன்றம் அவரைப் புத்தி பேதலித்தவர் என்று முடிவுகட்டியது. அவர் பெயர் சொன்னவர்களில் பெரும்பாலோர் விடுதலையானார்கள். அவர் மனநல மருத்துவமனைக்குப் போனார். வெளியே வந்த சில மாதங்களில், 1984 டிசம்பரில், தேவாலயத்திலிருந்து திரும்பும்போது சுடப்பட்டார்.

1986 பிப்ரவரி 10 அன்று, பலெர்மோவின் உச்சார்தோனே சிறையை ஒட்டி இந்தப் பெரும் வழக்குக்கென்றே கட்டிய பதுங்குகுழி போன்ற நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. குற்றப்பத்திரிகையில் 475 பேர். சுவரோரம் வரிசையாக இரும்புக் கூண்டுகள். கூண்டுக்குள் சுருட்டும் கூச்சலும். அந்தக் குற்றப்பத்திரிகையை எழுதுவதற்காக முந்தைய கோடையில் ஃபால்கோனேயும் சக நீதிபதி பாவ்லோ பொர்செல்லினோவும் குடும்பத்தோடு அசினாரா சிறைத்தீவில் பாதுகாப்பாகத் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் அங்கே தங்கிச் சாப்பிட்டதற்கு அரசு அவர்களிடமே பில் நீட்டியது.

சாட்சிக் கூண்டில் புஷெட்டா ஏறியபோது கூச்சல் அடங்கியது. போர்த்தா நுவோவாவில் அவருக்கே தலைவராக இருந்த பிப்போ காலோ, நேருக்கு நேர் மோதத் தயார் என்றார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். காலோ பெண் விவகாரங்களைக் கிளறினார். புஷெட்டா கொலைகளைச் சொன்னார். மோதலில் காலோ அடிவாங்கியதைப் பார்த்த மற்றவர்களுக்கு அப்படி எதிரே வந்து உட்காரும் ஆசை வடிந்துவிட்டது. 1987 டிசம்பர் 16 அன்று தீர்ப்பு: தலைமறைவாக இருந்த ரீனா உட்பட 19 பேருக்கு ஆயுள், மற்றவர்களுக்கு மொத்தம் 2,665 ஆண்டுகள் சிறை. 114 பேர் விடுதலை.

மேல்முறையீட்டில் கலைந்துவிடும் என்று மாஃபியா நம்பியது. 1992 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. மே 23 அன்று கபாச்சி அருகே நெடுஞ்சாலைக்கு அடியில் வைத்த குண்டில் ஃபால்கோனே, அவர் மனைவி, மூன்று காவலர்கள் இறந்தார்கள். ஜூலை 19 அன்று பொர்செல்லினோ. தொடக்கத்திலேயே புஷெட்டா, இந்த வேலையில் இறங்கினால் கோசா நோஸ்ட்ரா கணக்கை மறக்காது என்று ஃபால்கோனேயை எச்சரித்திருந்தார். இந்தக் கொலைகளுக்குப் பிறகே, அதுவரை வாய்திறக்க மறுத்த அரசியல் தொடர்புகளைப் பற்றியும் பேசினார். முன்னாள் பிரதமர் ஜூலியோ ஆந்த்ரியோத்தி மீதான வழக்கில் அவரும் ஒரு சாட்சி. ஆந்த்ரியோத்திக்கு மாஃபியாவோடு 1980 வரை இருந்த தொடர்பு உண்மை, ஆனால் தண்டிப்பதற்கான கால வரம்பு கடந்துவிட்டது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் சொன்னது.

புஷெட்டா நியூயார்க்கில், பீட்சா கடைகள் வழியாக ஹெராயின் விற்ற கும்பலின் வழக்கிலும் சாட்சி சொன்னார். அதற்கு ஈடாக அமெரிக்க அரசு வேறு பெயரும் பாதுகாப்பும் தந்தது. அவர் 2000 ஏப்ரலில் 71 வயதில் புற்றுநோயால் இறந்தார். அவருடைய இரண்டு மகன்களின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை.