இருக்கை இல்லாத உறவு: ஒஸ்லோத் தமிழரும் தாயகமும்

கண்டத்துக்கு வெளியே வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களையும் தன் அமைப்பில் பங்குகொள்ளச் செய்ய விரும்பிய ஆப்பிரிக்க ஒன்றியம், 2003ஆம் ஆண்டு தன் அமைப்புச் சட்டத்துக்கு ஏற்றுக்கொண்ட திருத்த நெறிமுறையில் அவர்களுக்கு அழைப்பு விடுத்ததோடு, கண்டத்தின் ஐந்து பிராந்தியங்களுக்கு அடுத்தபடியாக அவர்களை 'ஆறாவது பிராந்தியம்' என்று வழங்கவும் தொடங்கியது. ஒன்றியத்தின் பொருளாதார, சமூக, பண்பாட்டு மன்றத்தில் உள்ள 150 இடங்களில் 20 இடங்கள் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. அவை நெடுங்காலம் நிரப்பப்படாமலே கிடந்தன என்பது வேறு கதை. அங்கே நாற்காலி போடப்பட்டுவிட்டது, உட்கார ஆள் வரவில்லை. ஈழத்தமிழருக்கோ ஆள் உண்டு, பணமும் உண்டு, நாற்காலி போடத்தான் ஓர் அரசும் இல்லை. இந்தக் குறை தாயகத்துக்கும் புலத்துக்கும் இடையிலான உறவை எப்படி வளைத்தது என்பதை, ஏறத்தாழ 15,000 இலங்கை வம்சாவளியினர் வாழும் நோர்வேயில், குறிப்பாக ஒஸ்லோவில், தெளிவாகக் காணலாம்.

யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்தவரும், 1956இல் நோர்வே வந்தடைந்து அங்கு குடியேறிய முதல் தமிழராகப் பொதுவாகக் கொள்ளப்படுபவருமான அன்ரனி இராஜேந்திரம், நோர்வே நண்பர்களின் துணையோடு 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய கடற்றொழில் நிறுவனமே 'சீநோர்' ஆகும். சிலோன், நோர்வே என்னும் இரு பெயர்களையும் இணைத்து அமைந்த பெயர் அது. காரைநகரில் படகு கட்டும் துறையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையுமாக அது வளர்ந்தபோது, நோர்வேயில் திரட்டப்பட்ட பணம் யாழ்ப்பாணக் கரையில் படகாகவும் வலையாகவும் நாட்கூலியாகவும் மாறியது. அனுப்பியவரின் நன்கொடை, பெறுபவரின் அடுப்படியோடு கரைந்துவிடாமல், அடுத்த பருவத்திலும் உழைக்கும் முதலாக நின்றது. பின்னர் சீநோர் இலங்கை அரசின் கைக்கு மாறிக் கடற்றொழில் அமைச்சின் கீழ் வந்ததும், வடக்கிலிருந்த அதன் தொழிலகங்கள் போரில் முடங்கியதும் அந்த முயற்சியின் மதிப்பைக் குறைத்துவிடவில்லை. அதற்குப் பின் பல மடங்கு பெரிய தொகைகள் கடல் கடந்து சென்றிருந்தும், அதைப்போல ஒரு தொழிலை நிலைநாட்டிய கூட்டு முயற்சி நோர்வேத் தமிழர் வரலாற்றில் அரிது.

1975இல் நோர்வே தொழிலாளர் குடிவரவை நிறுத்திய பிறகு, தேர்வும் பட்டமும் இல்லாத ஓராண்டு உறைவிடக் கல்விக்கூடங்களான 'மக்கள் உயர்பள்ளிகள்' வழியாகத் தமிழ் இளைஞர்கள் வந்தனர். இலங்கையில் 1983இல் நடந்த இனக்கலவரத்துக்குப் பின் அகதிகளும் பெருகினர். வடகோடியிலுள்ள ஃபின்மார்க் மாவட்டத்தின் மீன் பதனிடும் ஆலைகளில் குளிரில் நின்று உழைத்த பலர், பிள்ளைகளின் படிப்பை எண்ணி ஒஸ்லோவுக்கும் அதன் கிழக்கிலுள்ள குரூருத் பள்ளத்தாக்குக்கும் இடம்பெயர்ந்தனர். சம்பளத்தில் ஒரு பகுதி உண்டியல் வழியாக, அதாவது வங்கியைத் தொடாமல் இங்கொருவர் பணத்தை வாங்க அங்கொருவர் கொடுக்கும் நம்பிக்கை முறையில், ஊருக்குச் சென்றது. அது வீடாயிற்று, சீதனமாயிற்று, கோயில் கோபுரமாயிற்று. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பள்ளிக்கூடங்களுக்குக் கட்டடம் எழுப்பின. இவை யாவும் தேவையானவையே. ஆனால் ஒரு குடும்பமும் ஓர் ஊரும் சேர்ந்து ஒரு பிராந்தியத்தின் பொருளாதாரம் ஆகிவிடுவதில்லை.

அத்தகைய பொருளாதாரத்துக்கான வாய்ப்பு ஒருமுறை வந்தது. நோர்வேயின் அனுசரணையில் 2002 பெப்ரவரி 22ஆம் நாள் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தானது. அவ்வாண்டு டிசம்பரில் ஒஸ்லோவில் கூடிய இரு தரப்பும், ஐக்கிய இலங்கைக்குள் கூட்டாட்சி அடிப்படையிலான தீர்வை ஆராய இணங்கின. 2003 ஜூனில் தோக்கியோவில் கூடிய கொடை நாடுகள் 450 கோடி டொலர் தருவதாக உறுதியளித்தன. ஆனால் அதற்கு முன்பே, ஏப்ரலில், புலிகள் பேச்சிலிருந்து விலகியிருந்தனர். வடகிழக்கின் மீள்கட்டமைப்புக்காக அமைக்கப்பட்ட கூட்டு உபகுழுவுக்குச் சட்டத் தகுதி இல்லாததால், பணத்தைப் பெற்றுச் செலவிடும் அதிகாரம் கொண்ட அமைப்பு ஒன்று வடகிழக்கில் உருவாகவே இல்லை. 2005 ஜூனில் கைச்சாத்தான ஆழிப்பேரலை நிவாரணப் பொதுக் கட்டமைப்புக்கும் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை வந்து சேர்ந்தது.

2009 மேயில், போர் முடிவுக்கு வரவிருந்த நாட்களில், தனியரசுக் கோரிக்கையை முன்வைத்த 1976ஆம் ஆண்டின் வட்டுக்கோட்டைத் தீர்மானம் குறித்து நோர்வேத் தமிழர் தமக்குள் வாக்கெடுப்பு நடத்தினர். வாக்களித்தவர்களில் 98 வீதத்துக்கும் மேற்பட்டோர் அதை ஆதரித்தனர். அவ்வாண்டின் பிற்பகுதியில் நோர்வே ஈழத்தமிழர் அவையும், 2010இல் பல நாடுகளில் நடந்த தேர்தல் வழியாக நாடு கடந்த தமிழீழ அரசாங்கமும் அமைந்தன. ஆயுதம் மௌனித்த பின் வாக்குப்பெட்டியை நாடிய அந்த முயற்சி மதிக்கத்தக்கது. ஆயினும் தாயகத்தில் வாழ்பவர்கள் அந்தப் பெட்டிகளில் வாக்களிக்கவில்லை, வாக்களிக்கவும் இயலாது. எனவே அந்த அவைகள் புலத்தின் குரலாக முடிந்தனவேயன்றி, இரு கரைகளையும் பிணைக்கும் மன்றமாக முடியவில்லை.

குடியேறிய நாடோ வேறு வழியில் கதவைத் திறந்தது. மூன்றாண்டு வசித்த வெளிநாட்டவருக்கும் 1983 முதல் உள்ளூராட்சித் தேர்தல்களில் வாக்குரிமை அளித்த நோர்வேயில், யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் அங்கு வந்த கம்ஷாஜினி குணரத்னம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார். 2021இல் தொழிற்கட்சியின் சார்பில் நாடாளுமன்றத்துக்கும் தெரிவானார். 2020 ஜனவரி முதல் நோர்வே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதால், இலங்கைக் குடியுரிமையை மீளப் பெற விரும்பும் ஒஸ்லோத் தமிழர் நோர்வேக் கடவுச்சீட்டை இழக்க வேண்டியதில்லை. ஆனால் இலங்கை அரசியலமைப்பின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம், இரட்டைக் குடியுரிமையாளர் நாடாளுமன்ற உறுப்பினராவதைத் தடுக்கிறது. வெளிநாட்டிலிருந்தபடி வாக்களிக்கவும் இலங்கையில் வழியில்லை. அன்னியச் செலாவணி வற்றி நாடு கடனடைக்க இயலாமல் போன அதே 2022இல்தான், புலம்பெயர்ந்தோர் பணம் அனுப்ப வேண்டும் என்று கொழும்பு வேண்டுகோள் விடுத்துக்கொண்டிருந்தது.