சேலையூர்க் காடும் தபால்வழிப் படிப்பும்

காடு என்றதும் உயர்ந்த மலையும், யானைக் கூட்டமும், தேக்கு மரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆளுயரத்துக்குச் சற்று மேலே வளர்ந்து, முள்ளும் கொடியும் பின்னிக் கிடக்கும் புதர்க்காட்டை நாம் காடாக மதிப்பதில்லை. சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தை அடுத்த சேலையூரில் எஞ்சியிருப்பது அத்தகைய காடு. களாவும், காரையும், சூரையும், வீரையும், காயாவும் செறிந்த அக்காட்டைப் பாடசாலையாகக் கொண்ட ஓர் ஆசிரியரைப் பற்றியும், அந்தப் பாடம் நெசவாளர், விவசாயிகள் இல்லங்களுக்கு எட்ட வேண்டிய வழியைப் பற்றியும் இங்கே எழுத முற்படுகிறோம்.

சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1837ஆம் ஆண்டில் பட்டணத்தில் ஒரு பள்ளியாகத் தோன்றியது. நூறாண்டுகள் கழித்து, 1937இல், அது நகரின் நெருக்கடியை விட்டுச் சேலையூர்க் காட்டு நிலத்தில் குடியேறியது. அதன் வளாகம் இன்றும் 360 ஏக்கருக்கு மேற்பட்டது. மாணவர் விடுதி ஒன்று 'சேலையூர்' என்னும் பெயரையே தாங்கி நிற்கிறது. புதிய இடத்தில் கட்டடம் எழும்போது காடு அழிவதே உலக வழக்கம். இங்கே காட்டின் பெரும்பகுதி பிழைத்தது. அதற்குத் துணை நின்றவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ்.

1892இல் பிறந்த பார்ன்ஸ் கற்பித்தது வேதியியல். தாவரவியல் அவருடைய தொழில் அன்று. ஆயினும் அதில் அவர் பெற்ற தேர்ச்சி பெரிது. தென்னாட்டு மலைகளில் செடிகளைத் தேடித் திரிந்து, ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மலைச் செடியும், காசித்தும்பை இனத்தில் ஒன்றும் அறிவியல் ஏடுகளில் அவர் பெயராலேயே வழங்குகின்றன. தாம்பரம் வளாகத்தில் இருந்த செடிகளைப் பேணுவதிலும், புதிய மரங்களை நட்டு வளர்ப்பதிலும் அவர் தம் ஓய்வு நேரத்தைச் செலவிட்டார். 1941இல் அவர் மறைந்தார். புதிய வளாகத்தில் அவருக்குக் கிடைத்த காலம் மிகக் குறுகியது. எனினும் அவருக்குப் பின் வந்த ஆசிரியர்களும் மாணவர்களும் அங்குள்ள செடிகளையும் பறவைகளையும் எண்ணி எழுதி வைக்கும் வழக்கத்தைக் கைவிடவில்லை.

இத்தகைய காட்டினால் ஊருக்கு என்ன பயன் என்று அங்கத்தினர் கேட்கலாம். முதற்பயன் தண்ணீர். நம் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. புதர்க்காட்டின் தடித்த சிறு இலைகளும், தரையில் கிடக்கும் சருகும் அம்மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்கள் இறுகிய மண்ணைப் பிளந்து நீரை உள்ளே இறக்குகின்றன. காடு போய்விட்டால் மழைநீர் மண்ணையும் வாரிக்கொண்டு ஏரியில் விழும், ஏரி மேடிடும், கோடையில் கிணறு வற்றும். செம்பாக்கம் போன்ற ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கியே செல்கிறது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அச்சதுப்பு நிலத்தின் நலமும், மேட்டிலுள்ள காட்டின் நலமும் ஒரே கயிற்றின் இரு முனைகளாம்.

இரண்டாம் பயன் நெசவாளருக்கு உரியது. சோழமண்டலக் கரையின் துணிகளுக்குப் புகழ் தேடித் தந்த செந்நிறம் சாயவேர் என்னும் சிறு செடியின் வேரிலிருந்து வந்தது. நுணாவின் வேரும் சாயத்துக்கு உதவிற்று. நிறம் நூலில் பற்றி நிற்கக் கடுக்காய் துணை செய்தது. 1868இல் ஜெர்மானிய வேதியியலார் இருவர் அலிசரின் என்னும் செஞ்சாயத்தை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கினர். நாளடைவில் செயற்கைச் சாயம் உலகெங்கும் பரவியது. சாயவேர் வழக்கொழிந்தது, அச்செடியை அடையாளம் காட்டுவோரும் அருகினர். செயற்கைச் சாயத்தால் விலை குறைந்ததும், வண்ணங்கள் பெருகியதும் மெய்யே. ஆனால் அதன் கழிவை எங்கே விடுவது என்ற கேள்வியும் உடன் வந்தது. திருப்பூரில் அக்கேள்விக்கு விடை காணத் தவறியதால் நொய்யல் ஆறு கெட்டது. ஆற்றோர விவசாயிகள் வழக்காடினர். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரே ஆற்றை நம்பியிருந்த உழவரும் சாயத் தொழிலாளரும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. சுற்றுச்சூழல் அறிவு வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு அன்று. அது நம் பிழைப்பைப் பற்றியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

பார்ன்ஸ் காலத்தில் சுற்றுச்சூழல் கல்வி என்று தனிப் பாடம் எதுவும் இல்லை. 1991இல் உச்சநீதிமன்றம் அளித்த ஆணைக்குப் பின்னரே, அது பள்ளி, கல்லூரிகளில் கட்டாயப் பாடமாகும் நிலை பிறந்தது. ஆயினும் காலையில் தறியில் ஏறி மாலையில் இறங்குபவரும், நாற்று நடுபவரும் கல்லூரிக்குச் செல்வது எங்ஙனம்? அவர்கள் பொருட்டே அஞ்சல்வழிக் கல்வி தோன்றியது. நம் நாட்டில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அதைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் பின்தொடர்ந்தன. 1985இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டன. வயது கடந்தவரும், வேலையை விட இயலாதவரும் வீட்டிலிருந்தே படிக்க இன்று வழி திறந்திருக்கிறது.

இவ்வழியில் ஒரு குறையும் உண்டு. பாடம் தபாலில் வரும். காடு தபாலில் வராது. ஏரியின் உபரிநீர் எங்கே போகிறது என்பதை அச்சிட்ட படத்தைப் பார்த்து மட்டும் ஒருவர் அறிந்துகொள்ள இயலாது. கரைமீது நடந்துதான் அறிய வேண்டும். சாயவேரின் பெயரை ஏட்டில் எழுதித் தேர்வில் வென்றவர், காலடியில் அது கிடந்தாலும் மிதித்துச் செல்வார். பார்ன்ஸ் முதலிய ஆசிரியர்களின் பெருமை, புத்தகத்தோடு நிற்காமல் மண்ணில் இறங்கியதில் இருக்கிறது. அப்பெருமையை அஞ்சல்வழிக் கல்வியோடு இணைப்பதற்கு இடையில் ஓர் அமைப்பு தேவை. அவ்வமைப்பு நம் கூட்டுறவுச் சங்கமாகவே இருக்கலாம் என்பது நமது துணிபு.

சங்கத்துக்கு இது புதிய சுமை அன்று. கட்டடம் இருக்கிறது, பேரவை கூடுகிறது, ஒருவரை ஒருவர் நம்பும் பழக்கம் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாடம் பயிலும் அங்கத்தினரோ, அவர்தம் மக்களோ நாலைந்து பேர் இருந்தாலும் போதும். சங்கக் கட்டடத்தில் வாரம் ஒரு மாலை அவர்கள் கூடிப் படிக்க இடம் தரலாம். துணைவிதிகள் இடந்தரும் அளவில் பொதுநல நிதியிலிருந்து நூல்கள் வாங்கலாம். மாதம் ஒருமுறை ஊர் ஏரிக்கோ, பக்கத்துக் காட்டுக்கோ சென்று, கண்டவற்றை ஒரு பேரேட்டில் தேதியோடு பதியலாம். கிணற்று நீர்மட்டம், ஏரியின் நிலை, அழிந்த மரம், முளைத்த செடி ஆகியவற்றைப் பங்குத்தொகைக் கணக்கைப் போலவே ஒழுங்காக எழுதி வந்தால், பத்தாண்டில் அது எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காத பாடநூலாகும்.

கூட்டாகக் காடு காப்பது இந்நாட்டில் நடவாத காரியமும் அன்று. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை மக்களின் பங்கை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் 1997 முதல் காடு வளர்ப்புத் திட்டத்தின் கீழ்க் கிராம வனக்குழுக்கள் அமைக்கப்பட்டன. உரிமையும் பொறுப்பும் சேர்ந்தே பகிரப்பட வேண்டும் என்ற கூட்டுறவுத் தத்துவமே அவற்றுக்கும் அடிப்படை.

மரம் நடுவதிலும் அறிவு வேண்டும். 2016 டிசம்பரில் வீசிய வர்தா புயல் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. விரைவில் வளர்ந்து நிழல் தரும் வெளிநாட்டு மரங்கள் அதில் பெரிதும் பட்டன. நம் மண்ணுக்குரிய புதர்க்காடோ மெல்ல வளர்வது. தாழ்ந்து நின்று காற்றுக்கு வளைந்து கொடுப்பது. ஆகவே சங்கத்தின் சார்பில் அடுத்த மழைக்கு முன் கன்று நட எண்ணுவோர், முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் பழைய மரங்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக் கொள்வார்களாக. அப்பெயர்கள் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அந்த வகுப்பு தொடங்கிவிட வேண்டும்.