பகடையும் பண்பும்

மாந்தர் பண்பை எண்ணால் அளத்தல் கூடுமோ என வினவுவார்க்கு, அமெரிக்கரான கிரெக் ஸ்டாஃபோர்டு ஆக்கி 1985-இல் வெளிவந்த 'பென்டிராகன்' என்னும் ஆட்டம் ஆராயத்தக்க சான்றாகும். ஒருவர் நடத்த, ஏனையோர் ஆர்தர் மன்னன் காலத்து நைட்டு வீரராகத் தம்மைக் கொண்டு கதையை வளர்த்துச் செல்வது இதன் இயல்பு. 1485-இல் காக்ஸ்டன் அச்சிட்ட மாலரியின் உரைநடைக் கதையே இதற்கு அடிப்படை.

வீரனது பண்பு ஈண்டு 13 இணைகளாக வகுக்கப்படுகின்றது. இரக்கமும் கொடுமையும், அடக்கமும் செருக்கும், மன்னித்தலும் பழிவாங்கலும் போல்வன அவை. ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் 20 ஆதலின், ஒன்று ஏறின் மற்றொன்று அவ்வளவிற்கு இறங்கும். 16-ஐ எட்டிய பண்பு ஊரறிந்ததாகிவிடும். அந்நிலையில் ஆடுவோரின் உரிமை குறைகின்றது என்பதே நாம் கருதத்தக்கது.

இரக்கம் 16, கொடுமை 4 உடைய வீரன் ஒருவனைக் கொள்வோம். அவன் தந்தையைக் கொன்றவன் வாளை எறிந்துவிட்டு உயிர்ப்பிச்சை கேட்கின்றான். ஆடுவோர் கொல்ல விழையினும், 20 முகமுடைய பகடையை உருட்டுமாறு நடத்துவோர் பணிக்கலாம். 16-உம் அதற்குக் குறைந்தும் விழின் பகைவன் பிழைத்தான். மிகுந்து விழின், கொடுமைக்கென மீண்டும் உருட்டல் வேண்டும். அதுவும் தவறினாலன்றி ஆடுவோர்க்குத் தாமே முடிவுசெய்யும் உரிமை இல்லை. 25-இல் 4 முறையே அவ்வாய்ப்பு நேரும்.

இது கொடிய விதியன்றோ எனின், மூலக்கதையை நோக்குக. தம்பியரை இழந்த காவெயின் லான்சிலட்டை மன்னிக்க மறுக்கின்றான். அதனால் போர் நீண்டு அரசே அழிகின்றது. அவன் அறிவிலியல்லன், பண்பு அவனைப் பிணித்தது. இறக்குந் தறுவாயில் லான்சிலட்டுக்கு மடல் விடுக்கின்றான். ஆட்டத்தின் வழக்கிற் கூறின், பகடை அன்றுதான் 16-ஐத் தாண்டியது!

பண்பு வளர்வதும் எளிதன்று. செயலாற் குறிபெற்ற பண்பிற்குக் குளிர்காலத்தில் பகடை உருட்டி, இருக்கும் எண்ணினும் மிகுந்து விழுந்தால்தான் ஒன்று கூடும்.

16-ஐ எட்டிய பண்பு ஆண்டுதோறும் தன் அளவே புகழெண்ணையும் ஈட்டித் தரும். கொடுமைக்கும் அவ்வாறே என்பதால், 'புகழ்' என்னும் நம் சொல் முற்றும் பொருந்தவில்லை. 'பேர்' என்பது ஒருவாறு பொருந்தும். அடக்கத்தாற் பேர் பெறுவோன் நிலை நகைப்பிற்குரியதே. வீரன் இறந்தபின் அவன் ஈட்டியதிற் பத்தில் ஒரு பங்கு வழித்தோன்றலைச் சேரும்.