எல்லை மீறிய வேகத்திற்குக் கடும் தண்டனை: நியாயமா, அநியாயமா?



ரமளான் இரவுகளில் தராவீஹ் முடிந்த கையோடு பைபாஸ் ரோட்டில் பைக் ரேஸ் ஓட்டிப் பிடிபடும் வாலிபர்களின் பெற்றோர், மறுநாள் காலை நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வருவது வழக்கமாகிவிட்டது. "நல்ல குடும்பத்துப் பிள்ளை, இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள்" என்று லெட்டர்பேடில் ஒரு கடிதம் கேட்பார்கள். கூடவே ஒரு கேள்வியும் வரும். "அவன் யாரையும் இடிக்கவில்லையே பாய், கொஞ்சம் வேகமாகப் போனதற்கா வண்டியைப் பிடித்துக் கேஸ் போடுவது? இது நியாயமா?"

கடிதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் கேட்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர்; பிள்ளையைப் பெற்ற வயிற்றெரிச்சலில் கேட்கிறார்கள்.

சட்டம் உண்மையில் எவ்வளவு கடுமையானது என்று பார்ப்போம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிவேகத்திற்கான அபராதம் முதல் தடவைக்கு 400 ரூபாய்க்குள்தான் இருந்தது. 2019இல் திருத்தம் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அமலானது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தன. இப்போது 183வது பிரிவின்படி இலகு ரக வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. பஸ், லாரி போன்றவற்றுக்கு 2,000 முதல் 4,000 வரை. திரும்பவும் பிடிபட்டால் லைசென்ஸைப் பறிமுதல் செய்யலாம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சென்னையில் 2023 நவம்பர் முதல் கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30 கிலோமீட்டர் என்று வேக வரம்பு வைத்திருக்கிறார்கள். 60 உள்ள ரோட்டில் 70இல் போனவருக்கும் 183வது பிரிவுதான், 140இல் பறந்தவருக்கும் அதே பிரிவு, அதே தொகைதான். சற்றே கவனம் தவறியவரையும், உயிரைப் பந்தயம் வைத்தவரையும் இந்தப் பிரிவு ஒரே தட்டில் வைக்கிறது. ஆகவே, அளவு கடந்த வேகத்தைப் பொறுத்தவரை நம் சட்டம் கடுமையானது என்பதைவிட, தேவையான இடத்தில் மென்மையானது என்பதே சரி. ரேஸ் ஓட்டுபவர்களைப் பிடிக்கும்போது போலீசார் 189வது பிரிவுக்குப் போகிறார்கள். அதில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

நம் மஹல்லாவில் துபாய், ஷார்ஜாவில் ஒருவராவது இல்லாத வீடு குறைவு. அங்கே எப்படி என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேகத்திற்குப் படிப்படியான தண்டனை. வரம்பைவிட 60 கிலோமீட்டருக்கு மேல் கூடினால் 2,000 திர்ஹம், 12 கரும்புள்ளி, வண்டி 30 நாள் முடக்கம். 80க்கு மேல் கூடினால் 3,000 திர்ஹம், 23 கரும்புள்ளி, 60 நாள் முடக்கம். 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும். அதாவது ஒரே ஒரு இரவின் ஆட்டம் லைசென்ஸை முழுதாகப் பறிப்பதற்கு ஒரு புள்ளி முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடும். அங்கே பத்து வருடம் ஒழுங்காக ஓட்டிவிட்டு, லீவில் ஊருக்கு வந்ததும் ஸ்பீடோமீட்டர் முள்ளைக் கடைசி வரை தள்ளுகிற சகோதரர்களையும் நான் பார்க்கிறேன். பயம் தண்டனையின் அளவில் மட்டும் இல்லை, கேமரா தப்பாமல் பிடிக்கும் என்ற நிச்சயத்திலும் இருக்கிறது.

இனி, "யாரையும் இடிக்கவில்லையே" என்ற வாதம். இதற்குக் கணக்கே பதில் சொல்லும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 14 மீட்டர் நகர்கிறது. குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வந்ததைக் கண்டு பிரேக்கில் கை வைக்கவே ஒரு விநாடி ஆகிவிடும். பிறகு நல்ல காய்ந்த ரோட்டிலும் வண்டி நிற்க இன்னும் 14 மீட்டர். மொத்தம் 28 மீட்டர். வேகம் 100 என்றால், கை வைப்பதற்குள்ளேயே 28 மீட்டர் கடந்திருக்கும். நிற்பதற்கு மேலும் ஐம்பது மீட்டருக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்கு. 50இல் போய் மோதுவது மூன்று மாடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். 100 என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று மாடி. ஹெல்மெட் போட்டிருக்கிறான் என்று சொல்லும் தாய்மார்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அந்த நேரத்தில் ரோட்டைக் கடக்க யாரும் வராமல் இருந்தது அந்தப் பையனின் திறமையால் அன்று. அது அவன் கையில் இல்லாதது. அவன் கையில் இருந்தது ஆக்ஸிலேட்டர் ஒன்றுதான். ஒருவரை அவர் கையில் இருந்ததற்காகத் தண்டிப்பதை அநியாயம் என்று எப்படிச் சொல்வது? 2022இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாட்டில் நடந்த அந்த மரணங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதிவேகம் என்ற தலைப்பில்தான் பதிவாகியுள்ளன. வேறு காரணம் தெரியாத இடத்திலும் எழுதுவதற்கு எளிதான தலைப்பு அது என்பது என் எண்ணம். பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி நம்மைத் தூங்கவிடாது.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். தவறுதலாக நடந்த மரணத்தை ஷரீஅத் "தெரியாமல் நடந்துவிட்டது, போகட்டும்" என்று விடுவதில்லை. ஸூரத்துன் நிஸாவின் 92வது வசனத்தை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இறந்தவரின் குடும்பத்திற்கு தியத் தனி. காரணமானவர் தன் மேல் நிறைவேற்ற வேண்டிய கஃப்பாரா தனி. அடிமை விடுதலைக்கு வழியில்லாத இக்காலத்தில் அது இரண்டு மாதம் விடாமல் நோன்பு. தியத்தை உறவினர்கள் சேர்ந்து கொடுக்கலாம். நோன்பை வாப்பா நோற்க முடியாது, இன்ஷூரன்ஸ் கம்பெனியும் நோற்காது.

உயிர் போவதற்கு முன்பே தண்டிக்கலாமா என்பதற்கும் பதில் இருக்கிறது. 1993இல் புரூனேயில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, ஷரீஅத்துக்கு முரணில்லாத போக்குவரத்து விதிகளைப் பின்பற்றுவது கட்டாயம் என்றும், மீறுவோருக்கு அபராதம் உட்பட தஃஸீர் விதிக்கலாம் என்றும் தீர்மானித்தது. ஆனால் பண அபராதம் கூடுமா என்பதில் முற்கால ஃபுகஹாக்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இருந்தது. கூடாது என்றவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, ஆட்சியாளர்கள் இதைச் சாக்காக வைத்து மக்களின் பொருளை விழுங்கிவிடுவார்கள் என்ற அச்சம். "எல்லாம் வசூலுக்குத்தான் பாய்" என்று டீக்கடையில் இன்று சொல்லப்படுவதும் அந்த அச்சம்தான்.

அந்தக் குறை முழுக்கப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். வேக வரம்புப் பலகையே இல்லாத இடத்தில் மரத்தடியில் ஸ்பீடு கன்னுடன் நிற்பது திருத்துவதற்கான வழி ஆகாது. உங்கள் உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். கருவியால் அளக்காமல், "வேகமாகப் போனதாக எனக்குத் தோன்றியது" என்ற ஒருவரின் சாட்சியத்தை மட்டும் வைத்து 183வது பிரிவில் யாரையும் தண்டிக்க முடியாது. அந்தப் பிரிவிலேயே அப்படி எழுதியிருக்கிறது. தவறான சலான் வந்தால் நீதிமன்றத்தில் மறுக்கலாம்.

பணத்தில் இன்னொரு அநீதியும் உண்டு. 2,000 ரூபாய் என்பது ஆட்டோ ஓட்டும் சகோதரருக்கு இரண்டு மூன்று நாள் வீட்டுச் செலவு. பெரிய கார் வைத்திருப்பவருக்கு அது ஒரு வேளை பிரியாணிக் கணக்கு. பின்லாந்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அங்கே பெரிய வேக மீறல்களுக்கு அபராதம் வருமானத்தைப் பொறுத்தது. 2023இல் 50 கிலோமீட்டர் வரம்பில் 82இல் போன ஒரு பணக்காரத் தொழிலதிபருக்கு 1,21,000 யூரோ விதித்தார்கள். கூலிக்காரருக்கும் கோடீஸ்வரருக்கும் ஒரே அளவு உறைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நம் நாட்டில் வருமானத்தை அப்படிக் கணக்கிட முடியாது என்பார்கள். இருக்கலாம். அதனால்தான் பணத்தைவிட, வண்டியை முடக்குவதும் லைசென்ஸை நிறுத்துவதும் கூடுதல் நியாயம் என்பது என் கருத்து. பணக்காரப் பிள்ளையும் அறுபது நாள் பஸ்ஸில் போகட்டும்.

2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் பைக்கைத் தூக்கிச் சாகசம் காட்டிய ஒரு யூடியூபர் விழுந்து அடிபட்டதும், கைதானதும் உங்களுக்கு நினைவிருக்கும். அவருடைய லைசென்ஸைப் பத்து ஆண்டுகளுக்கு ரத்து செய்தார்கள். நம் பையன்கள் அதைக் கொடுமை என்றார்கள். பத்து வருடம் நீண்ட காலம்தான். ஆனால் லட்சக்கணக்கான சிறுவர்கள் பார்த்துப் பழக வேண்டும் என்றே படம்பிடித்துச் செய்த காரியத்திற்கு அது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வயிற்றுப் பிழைப்புக்கு ஓட்டுபவரின் நிலை வேறு. லைசென்ஸ் போனால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. அவர் பெரும்பாலும் முதலாளி வைத்த நேரத்திற்கு ஓடுகிறார். இதையும் சட்டம் கண்டிருக்கிறது. வரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத நேர அட்டவணையைக் கொடுத்தவர் மீதும் 183வது பிரிவு பாயும். அந்த அட்டவணையையே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். பஸ், வேன் வைத்திருக்கும் நம் சகோதரர்கள் இதை மனதில் வைக்கட்டும்.

இனி பெற்றோர்களுக்கு. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்திற்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுப்பதற்கு எல்லா முயற்சியும் செய்தேன் என்று பெற்றோர் நிரூபித்தால் தப்பலாம். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, பிறந்த நாளுக்கு பைக் வாங்கிக் கொடுத்த போட்டோவையும் வாட்ஸ்அப்பில் போட்டவர்கள் அதை நிரூபிப்பது கடினம். பிள்ளை செய்ததற்கு அத்தா ஜெயிலா என்றால், பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்தது அத்தாவே செய்த காரியம். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்தானால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டியின் சொந்தக்காரரிடம் வசூலிக்க வழக்குப் போடலாம். அது லட்சக்கணக்கில் வரும். வீட்டுப் பத்திரம் வரை போகும்.

2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய விலையுயர்ந்த கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். அவனுக்கு முதலில் ஜாமீன் கொடுத்தபோது விதித்த நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதுவது. நாடே கொதித்தது. பிறகு தந்தை கைதானார். பணமும் செல்வாக்கும் உள்ள இடத்தில் தண்டனை எப்படி லேசாகும் என்று நாமெல்லாம் அன்று கோபப்பட்டோம். அதே செல்வாக்கைச் சிறிய அளவில் கேட்டுத்தான் நம் அலுவலகத்திற்கு வருகிறோம்.

ஆகவே அந்தக் கடிதம் விஷயமாக நிர்வாகக் குழு முடிவு செய்திருப்பதைத் தெரிவிக்கிறேன். ரேஸ், வீலிங், வயது வராத பிள்ளை வண்டியோட்டியது ஆகிய வழக்குகளில் அறக்கட்டளை லெட்டர்பேடில் சிபாரிசுக் கடிதம் தராது. அபராதத் தொகைக்கும் உதவாது. அடிபட்டவர் யாராக இருந்தாலும், ரேஸ் ஓட்டிய பையனாகவே இருந்தாலும், மருத்துவ உதவி வழக்கம்போல் உண்டு. அரசின் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவரைத் தூக்கிச் சென்று சேர்ப்பவரைப் பெயர், முகவரி சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது, பயப்படாமல் உதவுங்கள்.

விபத்தில் குடும்பத் தலைவரை இழந்தவர்கள் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வருமானத்திற்கான ஏதாவது ஒரு ஆதாரம், மோதிய வண்டியின் இன்ஷூரன்ஸ் விவரம் ஆகியவை வேண்டும். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் மரணத்திற்கு இரண்டு லட்சம் ரூபாய், பலத்த காயத்திற்கு 50,000 ரூபாய் பெற அரசுத் திட்டம் இருக்கிறது. தீர்ப்பாய மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்திற்குள் போட வேண்டும் என்று சட்டம் சொல்வதால், இத்தா முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டிலிருந்து வேறு யாராவது அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்திற்கு வந்தால் மனு எழுதித் தர ஏற்பாடு செய்கிறோம்.