கிராபிக்ஸ் கார்டு மாட்டினதும் கம்ப்யூட்டர் படுத்துடுச்சா? மதர்போர்டுக்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

திருப்பூர்:-

பனியன் கம்பெனிகளுக்கு டி-ஷர்ட் டிசைன் போட்டுக் கொடுப்பவர் அந்த வாலிபர். வீட்டு மாடி அறைதான் ஆபீஸ். 2014-ல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்தான் குடும்பத்துக்கு சோறு போடுகிறது. டிசைன் சாப்ட்வேர் திணறுகிறதே என்று சீட்டுப் பணத்தை எடுத்து, செகண்ட் ஹேண்டில் ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு ஒன்றை வாங்கி வந்தார். ராத்திரியே உட்கார்ந்து அவரே மாட்டினார்.

பட்டனை அழுத்தினால் பேன் சுற்றுகிறது. 3 விநாடியில் நின்று விடுகிறது. தானாக மறுபடியும் சுற்றுகிறது, மறுபடியும் நிற்கிறது. திரையில் ஒன்றுமே இல்லை. கும்மிருட்டு.

மறுநாள் சாம்பிள் டிசைன் கொடுக்க வேண்டும். பைல் எல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. "ஓடிட்டு இருந்த பொட்டிய நோண்டி கெடுத்துப் போட்டியேடா" என்று அப்பா ஒரு பக்கம் சத்தம் போட, காலையில் முதலில் கண்ணில் பட்ட கடைக்கு தூக்கிக் கொண்டு ஓடினார். அங்கே கழற்றிக் கூட பார்க்கவில்லை. "மதர்போர்டு போயிருச்சு. போர்டு, பிராசசர், ராம் எல்லாம் மாத்தணும். 25 ஆயிரம் ஆகும்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து விட்டார்கள்.

அழாத குறையாக அவர் போய் நின்ற இடம், சந்துக்குள் இருக்கும் ஒரு பழைய மெக்கானிக்கின் சின்னக் கடை.

2 நிமிடத்தில் உயிர் வந்தது

மெக்கானிக் செய்தது ஒரே வேலைதான். புது கார்டை கழற்றினார். மானிட்டர் ஒயரை மதர்போர்டின் பின்னால் உள்ள துளையில் சொருகினார். பட்டனை அழுத்தினார். விண்டோஸ் வந்து நின்றது.

"போர்டு நல்லாத்தான் இருக்குது தம்பி. கரண்டுதான் பத்தல. மொதல்ல டிசைனை பென் டிரைவுல ஏத்திக்கோ" என்றார். வாலிபருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கார்டு மாட்டி கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்றால் யாராக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். புதுசை கழற்று, பழையபடி போட்டுப் பார். பழையபடி ஓடினால் மதர்போர்டு மேல் பழி போட முடியாது. ஆனால் ஒரு விஷயம். இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் எப் என்ற எழுத்து இருந்தால் (ஐ5-12400எப் மாதிரி) அதற்குள் டிஸ்பிளே வசதி கிடையாது. அப்போது பழைய கார்டையே திரும்ப மாட்டித்தான் சோதிக்க முடியும்.

பேன் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்து, திரை மட்டும் இருட்டாக இருந்தால் அது வேறு கதை. பலர் கோட்டை விடுவது மானிட்டர் ஒயரில்தான். புது கார்டை மாட்டிவிட்டு, ஒயரை பழக்க தோஷத்தில் மதர்போர்டிலேயே சொருகி வைத்திருப்பார்கள். அதை கார்டில் சொருக வேண்டும். கார்டு ஸ்லாட்டில் 'கிளிக்' என்று முழுசாக உட்கார்ந்ததா, கை பட்டு ராம் லூஸ் ஆகி விட்டதா என்றும் பார்க்கலாம். புது மதர்போர்டுகள் பலவற்றில் ஓரத்தில் குட்டி விளக்குகள் இருக்கும். வி.ஜி.ஏ. என்ற விளக்கு எரிந்தால் கார்டில் சிக்கல், டிராம் என்று எரிந்தால் ராமில் சிக்கல்.

450 வாட் ஸ்டிக்கர்

அந்த வாலிபரின் எஸ்.எம்.பி.எஸ். மீது கொட்டை எழுத்தில் 450 வாட் என்று ஒட்டியிருந்தது. மெக்கானிக் அதைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த கட்டத்தைத்தான் காட்டினார். 12 வோல்ட் என்ற இடத்துக்கு நேராக 16 ஆம்ப் என்று போட்டிருந்தது. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் தின்பது இந்த 12 வோல்ட் கரண்டைத்தான். மற்றதெல்லாம் ஸ்டிக்கரில் கூட்டிக் காட்டுகிற கணக்கு.

ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டுக்கு மட்டும் 170 வாட் வேண்டும். அவருடைய 4-ம் தலைமுறை ஐ5 பிராசசருக்கு 84 வாட். இரண்டும் சேர்ந்தால் 254. இருப்பதோ 192. சைக்கிளில் மூட்டை ஏற்றின கதைதான். பாரம் தாங்காமல் எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே அணைத்துக் கொள்கிறது. இந்த கார்டுக்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். போடுங்கள் என்று என்விடியா கம்பெனியே சொல்லியிருக்கிறது.

ஒயரில் உஷார்

மதர்போர்டு ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்கு தனி ஒயர் கொடுக்க வேண்டும். 6 பின் ஒயர் 75 வாட், 8 பின் ஒயர் 150 வாட் தரும். எஸ்.எம்.பி.எஸ்.சில் அந்த ஒயரே இல்லை என்றால், அது அந்த கார்டுக்கு ஆனது இல்லை என்று அர்த்தம்.

கடைகளில் கன்வர்ட்டர் ஒயர் சல்லிசாக கிடைக்கிறது. ஹார்டு டிஸ்க்குக்கு போகும் சாட்டா பிளக்கில் இருந்து கரண்ட் எடுக்கும் கன்வர்ட்டர்தான் ரொம்ப மோசம். அந்த பிளக் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான். அதில் 75 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் செய்யும். பிராசசருக்கு போகும் 8 பின் ஒயரும் கார்டுக்கு போகும் 8 பின் ஒயரும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே பிளஸ், மைனஸ் தலைகீழ். இறுக்கமாக இருக்கிறதே என்று அழுத்தி சொருகினால் உண்மையிலேயே போர்டு போய்விடும்.

எதைத் தொடுவதானாலும் பிளக்கை சுவரில் இருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டு தொடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கை பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரை வாங்கும் அளவுக்கு கரண்ட் தேங்கி நிற்கும்.

பழைய போர்டு, புது கார்டு

கரண்ட், ஒயர் எல்லாம் சரி, அப்படியும் திரை வரவில்லையா? பயாஸ் பழசாக இருக்கலாம். 2025-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. கார்டே சில போர்டுகளில் கறுப்புத் திரை காட்டி, அதற்கென்று என்விடியா தனியாக ஒரு அப்டேட் வெளியிட வேண்டி வந்தது. மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் புது பயாஸ் இருக்கிறதா என்று பார்த்து, பழைய டிஸ்பிளேயில் வைத்தே ஏற்றிக் கொள்ளலாம். ஏற்றும்போது கரண்ட் போனால் வம்பு, யு.பி.எஸ். வேண்டும். பயாஸ் செட்டிங் மாற்றிய பிறகு விண்டோஸ் பிட்லாக்கர் சாவி கேட்கலாம். அதை முதலிலேயே எழுதி வைப்பது நல்லது.

திருப்பூர் வாலிபருக்கு அந்த வேலையெல்லாம் வரவில்லை. மெக்கானிக் தன் கடையில் இருந்த நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வைத்துப் பார்த்தார், கார்டு பளிச்சென்று டிஸ்பிளே கொடுத்தது. 4 ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வாங்கிப் போட்டதோடு விவகாரம் முடிந்தது. கழற்றிப் பார்த்ததற்கு மெக்கானிக் வாங்கிய கூலி 200 ரூபாய். காலையில் கொடுக்க வேண்டிய சாம்பிள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தது. 450 வாட் ஸ்டிக்கர் ஒட்டிய பழைய டப்பா, எடைக்கு போட வைத்திருந்த மூட்டைக்குள் போய்விட்டது.