ஓடமும் பாதையும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயிலேறிக் கிள்ளான் துறைமுகத்தில் இறங்குவோர், சில நிமிட நடையில் படகுத்துறையை அடைந்துவிடலாம். 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட ஊர் அது. அங்கிருந்து கேத்தாம் தீவுக்கு, அதாவது நண்டுத் தீவுக்கு, நாள்தோறும் படகுகள் செல்கின்றன. அவை ஆட்களை மட்டும் ஏற்றுபவை. காருக்கு அவற்றில் இடமில்லை. இருந்தாலும் பயனில்லை. சேற்றில் கால்நட்டு எழுப்பிய வீடுகளும், மிதிவண்டி செல்லும் ஒடுங்கிய நடைவழிகளுமே அவ்வூர்.

கார் ஏற்றும் கலமோ வேறு இனம். பெரும்பாலும் அதன் இரு முனையும் முகப்பே. ஒரு கரையில் ஏறிய வண்டி திரும்பாமலே மறுகரையில் இறங்கும். கலமும் திரும்ப வேண்டியதில்லை. எளிது போலத் தோன்றும். ஆனால் கலம் கடலோடு ஏறி இறங்குவது, கரையோ அசையாதது. கிள்ளான் கடற்கரையில் உவா நாட்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ நான்கு மீட்டர். இத்தகைய இடத்தில், கீல் பொருத்திய சாய்தளம் இன்றி எந்த வண்டியும் கலத்தில் ஏறாது.

இந்நாட்டில் இவ்வகைக்குப் பேர்பெற்றவை பினாங்குக் கலங்கள். 1985இல் பாலம் திறந்த பின்னும் அவை கார்களைச் சுமந்தன. 2021இல் அது நின்றது. 2023இல் வந்த நான்கு புதிய கலங்கள் ஆட்களையும் இருசக்கர வண்டிகளையுமே ஏற்றுகின்றன.

இக்கலத்தைத் தமிழில் என்னென்பது? 'பெரி' என்றே நாம் வழங்குகிறோம். ஈழத் தமிழர் 'பாதை' என்கின்றனர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஓடுவது பாதை. மட்டக்களப்பு மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை வாவியைக் கடத்தியதும் பாதையே. சாலை நீரில் அறுபடும் இடத்தில் அதைத் தொடுப்பது என்பதால் இப்பெயர் போலும். அகராதிக்காரர் ஆக்கித் தரும் சொற்களைவிட இதுவே மேல்.

பெரும்பாலும் இத்தகைய பாதை தட்டையான மிதவை. நீர்மட்டத்துக்கு மேல் அதன் விளிம்பு அதிகம் உயராது. கூட்டம் ஒரு பக்கம் ஒதுங்கினால் சாயும். ஆளரவம் குறைந்த துறைகளுக்குப் பழைய கலமும் அரைகுறைக் கண்காணிப்புமே வாய்க்கின்றன. கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்த காலத்தில் மக்கள் பாதையையே நம்பியிருந்தனர். 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. இறந்தவர்களுள் பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் இருந்தனர்.